ரப்பர் பேடைத் தூக்கிப் பார்த்ததுண்டா?

ஜல்லிக்கல்: "தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே மரக்கட்டைக்குப் பதிலாகக் கான்கிரீட் ஸ்லீப்பரைப் போட்டுவிட்டால் 50 வருஷம் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்க வேண்டாம்" என்று நேற்று கம்பிநேசன் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. தண்டவாளத்துக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் ரப்பர் பேடு இருக்கிறதே, அதை ஒருநாளாவது தூக்கிப் பார்த்ததுண்டா? தண்ணீரும் மணலும் புகுந்தால் கான்கிரீட் அரைபட்டுச் சாம்பல் நிறக் கூழாகக் கிடக்கும்.

கம்பிநேசன்: பேடு தேய்ந்தால் மாற்றுங்கள். மரக்கட்டை உளுத்தால்? ஆணியைக் கையாலேயே உருவியிருக்கிறேன் ஐயா. வளைவில் கேஜ், அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளி, விரிவது அப்படித்தான். நீளமாகப் பற்றவைத்த தண்டவாளம் வெயிலில் நெளியாமல் பிடிக்க 250 கிலோ கான்கிரீட் கட்டைதான் நல்லது. உங்கள் 80 கிலோ மரம் எந்த மூலைக்கு?

ஜல்லிக்கல்: நான் கேட்டது பேடு. 2005 ஏப்ரலில் அமெரிக்காவில் ஹோம் வேலி அருகே வளைவில் பயணிகள் ரயில் தடம்புரண்டதே, அங்கே கிடந்தது கான்கிரீட் கட்டைதான். தண்டவாளத்துக்கு அடியில் தேய்ந்திருந்தது. அந்த இடத்தில் வண்டி ஆடுகிறது என்று முன்பே புகார் போயும் சரியாகக் கவனிக்கவில்லை. மரம் உளுத்தால் கண்ணுக்குத் தெரியும். பேடு மூடிய இடம் தெரியுமா?

புதுப்பாதை: உளுத்த மரத்தை மட்டும் எடுத்துவிட்டு அங்கங்கே கான்கிரீட் செருகலாமே?

கம்பிநேசன்: வேண்டாம் தம்பி. மரம் அமுங்கிக் கொடுக்கும், கான்கிரீட் கொடுக்காது. சுமையெல்லாம் அந்த ஒற்றைக் கட்டை மேல் இறங்கி விரிசல் விடும்.

ஜல்லிக்கல்: விரிசல் விடும் என்று உங்கள் வாயாலேயே வந்துவிட்டது!

கம்பிநேசன்: சொன்னதைத் திரிக்காதீர்கள். போன மாதம் பாயின்ட்ஸ் (வண்டி தடம் மாறும் இடம்) பற்றிப் பேசும்போதும் இதே வேலைதான் செய்தீர்கள்.

ஜல்லிக்கல்: அன்றைக்கும் நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. தடம்புரண்ட சக்கரம் ஏறினால் மரத்தில் தழும்பு விழும், கட்டை பிடித்து நிற்கும். கான்கிரீட் வரிசையாக நொறுங்கும். பேடு விஷயத்துக்கு வாருங்கள்.

வேம்பு: மரம் உளுக்காமல் இருக்க ஏற்றுகிற கிரியோசோட் எண்ணெய் புற்றுநோய் தரக்கூடியது. பழைய கட்டையை வாங்கித் தோட்டத்துக்கு வரப்பு கட்டுகிறார்கள், வயிறு எரிகிறது.

ஜல்லிக்கல்: அதற்குத் தனி இழை தொடங்குங்கள் அம்மா. இங்கே பேச்சு பேடு.

கம்பிநேசன்: அம்மா கேட்டதில் என்ன தப்பு? வட அமெரிக்காவில் இன்றும் பெரும்பாலும் மரம்தான், அதில் பெரும்பகுதி அந்த எண்ணெயில் ஊறியது.

ஜல்லிக்கல்: அங்கே இத்தனை கனரகச் சரக்கு வண்டிகளை மரமே தாங்குகிறது என்று நீங்களே எடுத்துக் கொடுத்தீர்கள், நன்றி. பேடைக் கடைசியாக எப்போது தூக்கிப் பார்த்தீர்கள்? தேதி சொல்லுங்கள்.

கம்பிநேசன்: நீங்கள் கடைசியாக எப்போது ஆணி அடித்தீர்கள்?