2015 சென்னை வெள்ளமும் செம்பரம்பாக்கம் ஏரியும்: இதுவா தர்க்கப்பிழை?

அடையாற்றங்கரை:
தர்க்கப்பிரியன் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. தர்க்கப்பிழைகளைப் பட்டியல் போட்டுவிட்டு, "செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்தார்கள், பிறகு அடையாற்றில் வெள்ளம் வந்தது, ஆகவே திறந்ததுதான் காரணம் என்பது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை" என்று உதாரணம் காட்டியிருக்கிறார். காக்கையின் எடைக்குப் பனம்பழம் விழாது, அதனால்தான் அந்தப் பழமொழியே. விநாடிக்கு 29,000 கன அடி காக்கையா? 2015 டிசம்பர் 1 மதியம் 2 மணியிலிருந்து தொடர்ந்து 21 மணி நேரம் அந்த அளவில் திறந்தார்கள். சொல்வது நான் இல்லை. 2018 ஜூலையில் சட்டப்பேரவையில் வைத்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் (சிஏஜி) அறிக்கை சொல்கிறது. மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்றும் சொல்கிறது.

தர்க்கப்பிரியன்:
அண்ணே, நான் எழுதாததற்குப் பதில் எழுதுகிறீர்கள். ஏரித் தண்ணீர் ஆற்றுக்கு வரவில்லை என்று எங்கே சொன்னேன்? "பிறகு" என்ற ஒன்றை மட்டும் வைத்துக் காரணம் சொல்லக் கூடாது என்றேன். அன்றைய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர் மழை. ஏரி நிறைந்ததும் அந்த மழையால், ஆறு பெருகியதும் அந்த மழையால். இரண்டுக்கும் பொதுவான காரணத்தை விட்டுவிட்டு, இரண்டில் ஒன்றை மற்றதற்குக் காரணமாக்குகிறீர்கள். இன்னொன்று: கணக்குத் தணிக்கை செய்கிறவர் நீரியல் வல்லுநரா? பெரிய பெயரைக் காட்டி வாயடைப்பதும் பட்டியலில் இருக்கிற பிழைதான்.

அடையாற்றங்கரை:
ஒருவருடைய கருத்தைக் கொண்டுவந்தால், சொல்ல அவருக்கு என்ன தகுதி என்று கேளுங்கள். நான் கொண்டுவந்தது மதகு திறந்த நேரமும் அளவும். அதைப் படிக்க நீரியல் பட்டம் எதற்கு? 29,000 என்பது தப்பா, சரியா? அதை மட்டும் சொல்லுங்கள்.

முடிச்சூர் வாசகி:
இரண்டு பேருக்கும் ஒரு கேள்வி. வரைபடத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறீர்களா? அடையாறு ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளிலிருந்து வருகிறது. செம்பரம்பாக்கத்து உபரிநீர் அதில் சேருவது திருநீர்மலைக்கு அருகில். முடிச்சூர் அந்த இடத்துக்கு முன்பே, ஆற்றின் மேல்பக்கம் இருக்கிறது. செம்பரம்பாக்கத்தில் ஒரு மதகைக்கூடத் தொடாமல் இருந்திருந்தாலும் நாங்கள் மூழ்கியிருப்போம். ஆனால் வருஷாவருஷம் டிசம்பர் வந்தால் எல்லாரும் அந்த ஒரே ஏரியைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். எங்கள் பக்கத்து வாய்க்கால்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அடையாற்றங்கரை:
மேடம், முடிச்சூரைப் பற்றி நான் பேசவே இல்லை. ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் இவற்றைப் பற்றிப் பேசுகிறேன். ஏரியிலிருந்து திறந்த 29,000 கன அடி போனது அந்த வழியில்தான்.

முடிச்சூர் வாசகி:
அப்படியானால் "சென்னை வெள்ளம்" என்று எழுதாதீர்கள், "கோட்டூர்புரம் வெள்ளம்" என்று எழுதுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி மூழ்கியது. அந்தத் தண்ணீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு வடிய வேண்டியது. செம்பரம்பாக்கத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அப்போதும் இங்கே சிலர் ஏரியைத்தான் திட்டினீர்கள்.

பழைய ஏடு:
எந்த இடத்து வெள்ளம், எந்த நேரத்தில் என்று முதலில் முடிவு செய்துகொண்டு பேசினால் நல்லது. மணிமேகலையின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் இதைத்தான் விளக்குகிறார். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய கூற்று. புகை இருப்பதால் என்பது ஏது, அதாவது காரணம். அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. மூன்றிலும் போலிகள் உண்டு என்று வகை வகையாகப் பிரித்துச் சொல்கிறார். இங்கே ஆளுக்கு ஒரு பக்கம் வைத்துக்கொண்டு ஒரே ஏதுவுக்காக அடித்துக்கொள்கிறீர்கள்.

தர்க்கப்பிரியன்:
ஐயா சொன்னது என் கட்சிதான். இவருடைய ஏது போலி.

அடையாற்றங்கரை:
ஐயா அப்படிச் சொல்லவே இல்லை.

பெருங்குடி பழசு:
தர்க்கப்பிரியன், 2015இல் நீங்கள் பெங்களூரில்தானே இருந்தீர்கள்? மொட்டை மாடியில் குடிதண்ணீர் இல்லாமல் நின்றவர்களுக்கு வீட்டுக்குள் உட்கார்ந்து தர்க்கம் சொல்ல வேண்டாம்.

தர்க்கப்பிரியன்:
நான் நிலாவில் இருந்தாலும் 49 சென்டிமீட்டர் 49தான். வாதத்தைத் தொட முடியாதபோது ஆளைத் தொடுவது உங்களுக்குப் பழக்கம். மழைநீர் வடிகால் பற்றிய விவாத இழையிலும் இதையேதான் செய்தீர்கள், அப்புறம் பதிவை அழித்துவிட்டுப் போனீர்கள்.

பெருங்குடி பழசு:
அழித்தது நான் இல்லை, நிர்வாகி. தெரியாமல் பேசாதீர்கள்.

அடையாற்றங்கரை:
வடிகால் சண்டையை அங்கேயே போய்ப் போடுங்கள். நான் விஷயத்துக்கு வருகிறேன்.

ஒன்றின் பிறகு ஒன்று நடந்தால் மட்டும் காரணம் ஆகிவிடாது என்பது எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பிழையின் பெயரைச் சொன்னவுடன் எதிராளியின் வாதம் செத்துவிட்டதாக நினைப்பதும் பிழைதான், அது உங்கள் பட்டியலில் இல்லை. மருந்து சாப்பிட்ட பிறகு காய்ச்சல் விட்டது என்றால், தானாகவே விட்டிருக்கலாம் என்று சந்தேகப்படலாம், சரி. இங்கே தண்ணீர் வந்த வழி கண்ணுக்குத் தெரிகிறது. மதகிலிருந்து உபரிநீர்க் கால்வாய், திருநீர்மலை, அடையாறு, சைதாப்பேட்டை. அளவும் தெரியும், நேரமும் தெரியும். இதற்கு மேல் என்ன வேண்டும்? மழை பொதுக் காரணம் என்கிறீர்கள். மழை பெய்தால் மதகு தானாகத் திறந்துகொள்ளாது, ஒருவர் முடிவெடுக்க வேண்டும். எவ்வளவு, எப்போது என்பதும் அவர் எடுக்கும் முடிவு. நான் கேட்பது அந்த முடிவைப் பற்றி. நீங்கள் வானத்தைக் காட்டுகிறீர்கள்.

தர்க்கப்பிரியன்:
திறக்காமல் விட்டுக் கரை உடைந்திருந்தால்? கொள்ளளவே 3,645 மில்லியன் கன அடிதான். உடைந்திருந்தால் இங்கே வந்து எழுத நாம் இருந்திருக்க மாட்டோம்.

அடையாற்றங்கரை:
இதோ. 29,000 கன அடி திறக்க வேண்டும், இல்லையென்றால் கரை உடையும். உலகத்தில் இரண்டே வழிதானா? முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து ஏரியில் இடம் வைத்திருப்பது மூன்றாவது வழி. கொள்ளளவு நிறையும் வரை அளவைக் குறைத்து விட்டிருக்கலாம் என்கிறது அறிக்கை, அது நான்காவது. பிழைகளைப் பட்டியல் போட்டவர் இப்படி எழுதலாமா?

தர்க்கப்பிரியன்:
நவம்பர் நடுவிலும் திறந்தார்கள், அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? 47 சென்டிமீட்டர் கொட்டும் என்று அன்றைக்கு முன்கூட்டி யாருக்குத் தெரியும்? நடந்த பிறகு கணக்குப் போடுவது எல்லாருக்கும் சுலபம். உங்களுக்குச் சாதகமான எண்ணை மட்டும் பொறுக்கி எடுக்கிறீர்கள்.

அடையாற்றங்கரை:
பொறுக்கி எடுத்தேனா? சரி, 29,000 தப்பு என்று நீங்கள் ஒரு எண்ணைப் பொறுக்கிக் கொண்டுவாருங்கள்.

பழைய ஏடு:
கோட்டூர்புரமா, முடிச்சூரா என்று நான் கேட்டதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

பெருங்குடி பழசு:
நிர்வாகி அழித்ததற்கு என்னைச் சொன்னவர் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

முடிச்சூர் வாசகி:
ஆதனூர், மண்ணிவாக்கம் ஏரிகளின் வாய்க்கால் பற்றித் தனி இழை தொடங்குகிறேன். அங்கே வந்து யாரும் செம்பரம்பாக்கம் பேச வேண்டாம்.

அடையாற்றங்கரை:
பேச்சு திருநீர்மலைக்குக் கீழே வந்தால் பேசத்தான் செய்வேன்.