டோக்கியோ பூங்காக்களில் சகுரா (செர்ரிப் பூ): மறக்க முடியாத ஒரு தருணம் சொல்லுங்கள்

நடராஜா சர்வீஸ்:
ஷின்ஜுக்கு கியோயென். கூட்டம், புகைப்படம் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், விடுங்கள். ஓரமாக ஒரு மரத்தடியில் நின்றேன். இதழ் இதழாக உதிராமல் முழுப் பூவாகக் காம்போடு சுழன்று சுழன்று விழுகிறது. காற்றே இல்லை. அண்ணாந்து பார்த்தால் சிட்டுக்குருவி! பூவின் அடியைக் கடித்து, தேனை உறிஞ்சி, துப்பிவிட்டு அடுத்த பூவுக்குத் தாவுகிறது. பக்கத்தில் நின்ற பாட்டி என் தோளைத் தட்டி இன்னொரு கிளையைக் காட்டினார். அங்கே மெஜிரோ, பச்சை உடம்பும் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமுமாக. அதற்குக் கூரிய அலகு, முன்பக்கமாக நுழைத்துப் பூவைக் கெடுக்காமல் குடித்துக்கொண்டிருந்தது. குருவியின் கட்டை அலகுக்கு வேறு வழியில்லை போல. பாட்டி மட்டும் விழுந்த பூ ஒவ்வொன்றுக்கும் குருவியைத் திட்டிக்கொண்டே இருந்தார். மொழி புரியவில்லை, திட்டுதான் என்பது நன்றாகப் புரிந்தது.

குடைக்காரி:
உவேனோ பூங்கா, காலை நேரம். பெரிய நீல நிறத் தார்ப்பாய், இருபது பேர் தாராளமாக உட்காரலாம். அதன் நடுவில் கோட்டு சூட்டு போட்ட ஒரே ஒரு பையன். சாயங்காலம் சகுரா மரத்தடியில் கூடிச் சாப்பிட, அலுவலகத்தில் இளையவரை அனுப்பி இடம் பிடிக்கச் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். தூறல் ஆரம்பித்ததும் பக்கத்துப் பாய்க்காரர்கள் மடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். இவன் எழுந்திருக்கவில்லை. பாய் ஓரத்தில் கழற்றி வைத்திருந்த ஷூவை எடுத்து ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டான், அவ்வளவுதான். தலை நனைகிறது, ஷூ பத்திரம். சாயங்காலம் மற்றவர்கள் வந்தார்களா இல்லையா என்று இன்னும் அடிக்கடி தோன்றும்.

பழைய பயணி:
நடராஜா, கியோயெனுக்கு 500 யென் கொடுத்துக் குருவி பார்த்தீர்களா? வாசலில் பையைத் திறந்து காட்ட வேண்டும், மது கூடாது, மாலையானால் மூடிவிடுவார்கள். கூட்டமான சில நாட்களில் முன்பதிவு வேறு. நான் சிதோரிகஃபுச்சி கட்சி. அரண்மனை அகழியில் படகு விட்டேன், துடுப்பைத் தூக்கினால் தண்ணீர் தெரியவில்லை, இதழ்தான் ஒட்டிக்கொண்டு வந்தது.

சரி, போகப் போகிறவர்களுக்குச் சில விஷயம். காலண்டரை நம்பி டிக்கெட் போடாதீர்கள். டோக்கியோவில் பெரும்பாலும் சோமெய் யோஷினோ வகைதான். எல்லாம் ஒட்டுப்போட்டு வளர்த்தவை, மரபணு ஒன்றே, அதனால் ஒரு வட்டாரத்தில் ஒன்றாகப் பூத்து ஒன்றாகக் கொட்டிவிடும். யாசுகுனி கோயிலில் வானிலைத் துறை பார்க்கும் மாதிரி மரம் ஒன்று உண்டு. அதில் ஐந்தாறு பூ விரிந்தால் டோக்கியோவில் பூத்துவிட்டது என்று அறிவிப்பார்கள். முழுசாகப் பூக்க அதிலிருந்து ஒரு வாரம் போல ஆகும். நடுவில் பலத்த மழை வந்தால் தீர்ந்தது. தவறவிட்டவர்கள் ஏப்ரல் நடுவில் இச்சியோ, கன்சான் மாதிரி தாமதமாகப் பூக்கும் அடுக்கு வகைகளைத் தேடுங்கள். ராத்திரி விளக்கொளியில் பார்க்கப் போனால் ஜாக்கெட் அவசியம், நன்றாகக் குளிரும். அப்புறம் குப்பைக்கு ஒரு பை. படத்துக்காகக் கிளையை இழுக்காதீர்கள், ஒடிந்த இடத்தில் சகுரா எளிதில் அழுகும்.

ரயிலடி:
பழைய பயணி, யாரும் கேட்காமலே வகுப்பு எடுத்துவிட்டீர்கள் அண்ணா! ஆனால் காலண்டர் விஷயம் உண்மை. 2021-ல் கியோட்டோவில் மார்ச் 26-க்கே முழுசாகப் பூத்துவிட்டது, அதுவரை கிடைத்திருந்த 1200 ஆண்டுப் பதிவுகளில் அவ்வளவு சீக்கிரம் பூத்ததில்லை என்றார்கள்.

என் கதை அசுகயாமா பூங்கா. 1720-களில் அன்றைய ராணுவ ஆட்சியாளரான ஷோகுன் யோஷிமுனே மக்களுக்காக சகுரா நட்ட குன்று, கீழே டிராம் ஓடும். தொப்பி போட்ட பாலர் பள்ளிக் குழந்தைகள் உதிரும் இதழைப் பறந்து பறந்து பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி ஓடி வந்து ஒரு இதழை என் கையில் வைத்தாள். நன்றி சொல்லிப் பையில் போடப் போனேன், கையை நீட்டித் திருப்பிக் கேட்டாள்! பார்க்கத்தான் கொடுத்தாளாம்.

மது பற்றி: குழந்தைகளோடு போகிறவர்களுக்கு கியோயெனில் அது இல்லாததுதான் நிம்மதி. குடித்துப் பாட வேண்டும் என்றால் உவேனோ இருக்கிறதே, அங்கே போங்கள்.