புதுப்பிப்பு: அப்புச்சியின் பெட்டியில் இருந்த பித்தளைத் தோட்டாக் கூடுகள்

கோபி வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடைத்த காலிக் கூடுகள் எந்தத் துப்பாக்கிக்கு உரியவை, மறுபடி வெடிமருந்து நிரப்பலாமா என்று கேட்டிருந்தேன் அல்லவா? விடை அடிப்பாகத்திலேயே இருக்கிறது. கே, எஃப் எழுத்துகளும் 43-உம்: புனே பக்கத்துக் கிர்க்கி தொழிற்சாலை, 1943. விளிம்பு துருத்திய 56 மி.மீ. கூடு, ஆக, லீ என்ஃபீல்டு ரைஃபிளின் .303 அங்குலத் தோட்டா.

நிரப்புவது சரிவராது. உள்ளே டார்ச் அடித்தால் இரண்டு சிறு துளைகள், அதாவது பெர்டன் வகை பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் அடிப்பகுதிச் சிறு மூடி) பொருத்தும் கூடு. நடுவில் ஒற்றைத் துளையுள்ள பாக்ஸர் வகையென்றால் ஊசியால் பழைய பிரைமரைத் தள்ளிவிடலாம், இதில் முடியாது. பாதரசம் கலந்த பிரைமராக இருந்தால் வெடித்தபோதே பித்தளை நொறுங்கும் பதத்துக்கு வந்திருக்கும். தவிர, உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். எடைக்குப் போடச் சொல்லி மாமா நச்சரிக்கிறார், தருவதாக இல்லை.