மஹோகனி கேபின்: வார்னிஷா, பெயின்டா?

கேள்வி: 1962இல் வந்த ரிவா அக்வாராமாங்கிற இத்தாலிய மரப் படகு மாதிரி என் படகோட கேபின் மரம் பளபளன்னு இருக்கணும்னு ஆசை. ஆனா ஒரே கோடைல வார்னிஷ் உரிஞ்சிடுது. பெயின்ட் அடிச்சிடலாமா?

பதில் 1: கோட் பத்தலை. முதல் கோட்டுக்கு வார்னிஷும் தின்னரும் பாதிக்குப் பாதி, மரம் நல்லா உறிஞ்சணும். அடுத்தது தின்னர் கால் பங்கு, அப்புறம் கலக்காம. எட்டு கோட்டாவது வேணும், நடுவுல 320 நம்பர் உப்புத்தாள். வருஷம் ரெண்டு கோட் புதுசா.

பதில் 2: ஜன்னல் சட்டத்தோட கீழ்மூலையைப் பாருங்க. மரத்தோட வெட்டுமுனை அங்கதான் இருக்கு, தண்ணி அதுவழியாத்தான் இறங்கும். வார்னிஷுக்கு அடியில கறுப்பா ஓடியிருந்தா, சுரண்டி, கையுறை போட்டுக்கிட்டு, கறையை வெளுக்கிற ஆக்ஸாலிக் ஆசிட் கரைசல் தடவி, நல்லா கழுவிக் காயவிடுங்க. வார்னிஷ் இதைக் காட்டிக்கொடுக்கும். பெயின்ட் மூடிடும், தெரியவரும்போது மரம் இத்துப்போயிருக்கும்.

பதில் 3: கேபின் கூரைக்கு வெள்ளை பெயின்ட்தான் சரி. உச்சி வெயிலை நேரா வாங்குற இடம் அது, உள்ளேயும் சூடு குறையும். கண்ணுல படுற பக்கச் சுவருக்கு வார்னிஷ். அதைப் பெயின்ட்ல மூடிடாதீங்க, உங்க படகோட அழகே அதுதான்.