கரண்ட் இல்லாத புஞ்சையில் கேரவன் ட்ரெய்லர் போட்டுக் குடும்பத்தோடு தங்கினால் சமாளிக்க முடியுமா?

காரைக்குடி வாசி:

வணக்கம். கோவையில் இருக்கும் என் மச்சான் சின்னதாக ஒரு கேரவன் ட்ரெய்லர் செய்து வாங்கியிருக்கிறார். பொங்கல் லீவுக்கு இங்கே இழுத்து வருகிறாராம். அவர்கள் ராமேஸ்வரம் போய்த் திரும்பும்வரை வண்டி எங்கள் கையில். "சும்மா நிறுத்தி வைக்காதீங்க, போய்த் தங்கிப் பாருங்க" என்று சொல்லிவிட்டார். பிள்ளைகள் இரண்டும் அன்றிலிருந்து தூங்கவில்லை.

கானாடுகாத்தான் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் புஞ்சை இருக்கிறது. நாலைந்து பனை, ஒரு பெரிய புளியமரம், மற்றதெல்லாம் செம்மண் பொட்டல். கரண்ட் கிடையாது, போர் கிடையாது. நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், என் அம்மா என்று ஐந்து பேர். இதுவரை இப்படி எங்கும் தங்கியதில்லை.

வண்டியில் இருப்பவை: கூரையில் 200 வாட் சோலார், 12 வோல்ட் 100 ஏஹெச் (ஆம்பியர்-மணி) பேட்டரி (வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடுகிற தண்ணி பேட்டரி வகை), 90 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, கேசட் டாய்லெட், 5 கிலோ சிலிண்டரோடு அடுப்பு, டிசியில் ஓடுகிற குட்டி ஃபிரிட்ஜ், பின்சுவரில் ஒரு டன் ஏசி. ஏசி பேட்டரியில் ஓடுமா? தண்ணீர் இரண்டு மூன்று நாளுக்கு வருமா? டாய்லெட்டை எங்கே கொட்டுவது? இந்தக் கடைசிக் கேள்வி மனைவி கேட்கச் சொன்னது, பதில் தெரியாமல் அவள் வண்டியில் ஏற மாட்டாள்.

அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார்: "ரெண்டு கட்டு வீட்டைப் பூட்டிப்புட்டு டப்பாக்குள்ள படுக்கப் போறீகளாக்கும்!"

தொண்டி ரோடு:

ஏசி வேண்டுமென்றால் ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள், கதை முடிந்தது. மற்றபடி சொந்த நிலத்தில் நிறுத்துவது நல்லது. கண்மாய்க் கரை, காட்டு ஓரம் என்று ஆசைப்பட்டால் யாரிடம் அனுமதி கேட்பது என்பதிலேயே லீவு முடிந்துவிடும்.

முந்திரித்தோப்பு:

தம்பி, போய்த் தங்குங்கள். நாங்கள் திருமயம் பக்கம் எங்கள் முந்திரித் தோப்பில், என் அண்ணன் வண்டியை வைத்து இதே வேலையைச் செய்தோம். எங்கள் கூட்டம் உங்களைவிடப் பெரிது. மாமனார், மாமியார், நாங்கள், பிள்ளைகள். ஆண்கள் வெளியே கூடாரத்தில், பெண்களும் பிள்ளைகளும் உள்ளே.

ஏசியை முதலில் மறந்துவிடுங்கள். 12 வோல்ட்டை 100 ஏஹெச்சால் பெருக்கினால் 1200 வாட்-மணி. தண்ணி பேட்டரியில் பாதிக்குமேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும், ஆக உங்கள் கையில் இருப்பது 600. ஒரு டன் ஏசி ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுக்கும். அரை மணி நேரத்தில் பேட்டரி படுத்துவிடும். அதுவும் அவ்வளவு மின்சாரத்தை உங்கள் இன்வெர்ட்டர் தாங்கினால்தான். ஏசி என்பது ஊரில் பிளக் கிடைக்கிற இடத்துக்கு. அதுபோக, தை மாசத்து ராத்திரியில் நம் பக்கத்தில் ஏசி எதற்கு? வாடை அடிக்கும், விடியற்காலையில் அம்மாவே போர்வை கேட்பார்கள், பாருங்கள்.

வேர்வை எல்லாம் மதியம் பதினொன்றிலிருந்து நாலு வரைதான். நம் வீடுகளில் உயரமான கூரை, முற்றம், ஆத்தங்குடித் தளம், வாசலிலிருந்து பின்கட்டுவரை நேர்வரிசையில் கதவுகள். தகரச் சுவருக்குள் இதில் ஒன்றும் கிடையாது. அதனால் மதியத்தில் உள்ளே இருக்கவே கூடாது. வண்டியின் பக்கவாட்டில் ஒரு தார்ப்பாயை இழுத்துக் கட்டி, கீழே பாய் போட்டு அங்கேதான் சாப்பாடு, சீட்டு, தூக்கம் எல்லாம். ராத்திரி எதிரெதிர் ஜன்னல் இரண்டையும் திறந்துவிடுங்கள். கொசுவலை கிழியாமல் இருக்கிறதா என்று கோவையிலிருந்து வரும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது நிழலா வெயிலா என்ற சண்டை. நீங்கள் கட்டாயம் புளியமரத்தடியில் நிறுத்த ஆசைப்படுவீர்கள். மரத்தடியில் நிறுத்தினால் உடம்புக்குச் சுகம், பேட்டரிக்குப் பட்டினி. சோலார் பலகையின் ஒரு மூலையில் கிளை நிழல் விழுந்தாலே அதன் மின்சாரம் பாதியாகக்கூட இறங்கிவிடும், மூலைக்கு ஏற்றபடி மட்டும் குறையும் என்று நினைக்க வேண்டாம். அண்ணன் கூரைப் பலகையை நம்பாமல், மடக்குப் பலகை ஒன்றை நீள ஒயரோடு வைத்திருந்தார். வண்டி நிழலில், பலகை வெயிலில், தெற்குப் பார்த்துக் கொஞ்சம் சாய்த்து. உங்களிடம் அது இல்லையென்றால் மரத்துக்கு வடகிழக்கே, காலையிலிருந்து இரண்டு மணிவரை வெயில் விழுகிற மாதிரி நிறுத்துங்கள். தையில் நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வராது, தெற்கே சாய்ந்துதான் போகும். அதனால் மர நிழலும் வடக்கே நீளும். முந்தின நாள் போய் நின்று பார்த்துவிட்டு வந்தால் போதும். காலையில் பலகையை ஒரு துணியால் துடைத்துவிடுங்கள், பனியோடு செம்மண் தூசி சேர்ந்து மஞ்சள் பூசியிருக்கும்.

200 வாட் பலகை தெளிந்த நாளில் 700, 800 வாட்-மணி தரும். டிசி ஃபேன் ஒன்று 20 வாட், இரண்டு ஃபேன் ராத்திரி முழுக்க ஓடினால் 350 சுமார். விளக்கு, போன் எல்லாம் சேர்ந்து நூறு. இதுவரை சரி. தின்பது ஃபிரிட்ஜ்தான், பகலும் இரவும் சேர்த்து 400-ஐத் தொடும். நாங்கள் அதைப் பகலில் வெயில் இருக்கும்போது மட்டும் ஓட்டினோம், ராத்திரி அணைத்துவிட்டுத் திறக்கவே இல்லை. பால் கெடவில்லை. கறி, மீனை ஐஸ் பெட்டியில் வையுங்கள், இல்லை முதல் நாளே சமைத்துத் தீர்த்துவிடுங்கள். மிக்ஸி பெரிய வாட்டாகத் தெரிந்தாலும் இரண்டு நிமிஷம் ஓடினால் செலவு கொஞ்சம்தான், இன்வெர்ட்டர் தாங்கினால் போதும். ஆனால் மாமியார் அதற்கும் இடம் வைக்கவில்லை. வரமிளகாய்த் துவையலை வீட்டிலேயே கெட்டியாக அரைத்து, நல்லெண்ணெய் விட்டுக் கொண்டுவந்துவிட்டார்கள். இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல், சீப்புச் சீடை. கும்மாயத்துக்கு மாவும் கருப்பட்டியும் தனித்தனியாகக் கட்டி எடுத்து வந்து அங்கே கிண்டினோம். அடுப்பு வேலை குறையக் குறைய வாழ்க்கை லேசு.

ஆனால் தம்பி, நீங்கள் பயப்பட வேண்டியது பேட்டரிக்கு அல்ல, தண்ணீருக்கு. கரண்டை நாளைக்குச் சூரியன் திரும்பத் தரும், தொட்டியை யார் நிரப்புவது? 90 லிட்டர் ஐந்து பேருக்கு, வீட்டுப் பழக்கத்தில் புழங்கினால் மறுநாள் மதியம் தாண்டாது. ஷவரில் குளித்தால் நிமிஷத்துக்கு ஐந்தாறு லிட்டர் போய்விடும். குடிக்கவும் சமைக்கவும் 20 லிட்டர் கேன்கள் தனியாக எடுத்துப் போங்கள். தொட்டித் தண்ணீர் கை, பாத்திரம், டாய்லெட்டுக்கு மட்டும். குளியலுக்கு வாளியும் சொம்பும், வண்டிக்கு வெளியே ஒரு மறைப்புக் கட்டி. சாப்பாடு வாழை இலையிலோ தையல் இலையிலோ. மீதிப் பாத்திரத்தைப் பழைய பேப்பரால் துடைத்துவிட்டு, ஒரு பேசினில் தேய்த்து இன்னொரு பேசினில் அலசுங்கள்.

இந்தக் கணக்கில் எங்களுக்கு வாத்தியார் மாமனார்தான். தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடியோடு குன்றக்குடியிலிருந்து பழநிவரை நடக்கிறவர். ஒரு சொம்புத் தண்ணீரில் முகம், கை, கால், வாய் எல்லாம் முடித்துவிட்டு, மிச்சத்தைச் செடியில் ஊற்றுவார். பேத்தி அதைப் பார்த்துவிட்டுப் போட்டி போட ஆரம்பித்தாள், எங்களுக்கு வேலை மிச்சம்.

முதல் ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். எல்லோரும் படுத்தாயிற்று. கட்டிலுக்கு அடியில் 'டுர்ர்ர்' என்று ஒரு சத்தம். நிற்கும். கொஞ்சம் கழித்துத் திரும்ப 'டுர்ர்ர்'. மாமியார் எழுந்து உட்கார்ந்து "ஏதோ உள்ள புகுந்திருச்சு" என்கிறார்கள். டார்ச் அடித்துத் தேடினால், சின்னவன் பல் தேய்த்துவிட்டுக் குழாயை முழுசாக மூடவில்லை. அழுத்தம் குறையும்போதெல்லாம் பம்ப் தானாக ஓடி நிற்கிறது. விடியும்வரை விட்டிருந்தால் தொட்டி காலி. படுக்கப் போகும்போது பம்ப் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

அப்புறம் உங்கள் வீட்டம்மா கேள்வி. கேசட் டாய்லெட் என்பது கீழே இழுத்து எடுக்கிற ஒரு பெட்டி, பெரும்பாலும் 20 லிட்டருக்குள். அதற்கென்று ஒரு திரவம் விற்கிறார்கள், அதை அளவாக ஊற்றினால் நாற்றம் வராது, நம்பி ஏறச் சொல்லுங்கள். ஐந்து பேருக்கு இரண்டு நாளில் நிறைந்துவிடும். ஆண்கள் பகலில் வெளியே பார்த்துக்கொண்டால் ஒரு நாள் கூடும். கொட்டுவதற்கு வழி ஒன்றுதான்: பெட்டியை மூடி காரில் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போய் உங்கள் கழிவறையிலேயே கொட்டிக் கழுவி எடுத்து வருவது. காரைக்குடிதானே, பக்கம்தான். புஞ்சையில் ஊற்றாதீர்கள், மருந்து கலந்தது. ஊருணி, கண்மாய் பக்கம் அந்தப் பெட்டியோடு நடக்கவே நடக்காதீர்கள். குடிதண்ணீர் ஊருணியில் காலை நனைக்கவே யோசிக்கிற ஊர் இது. பாத்திரம் கழுவின தண்ணீரையும் குழாயடியில் வாளி வைத்துப் பிடித்து, தள்ளிப்போய் மரத்துக்கு ஊற்றுங்கள்.

ஜெனரேட்டர் யோசனை சொன்னவருக்கு: புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, வாசனை தெரியாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குகிறவர்கள் பக்கத்தில் அது வேண்டாம். சத்தமும் ஒரு காரணம். கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடிகூட வெடிப்பதில்லை, நாம் பொட்டலில் போய் ராத்திரி முழுக்க 'டடடட' என்று ஓட்டுவதா? தையில் வேட்டங்குடியில் நாரை, கொக்கெல்லாம் நிறைந்திருக்கும், பிள்ளைகளை ஒரு காலையில் கூட்டிப் போங்கள்.

பட்டறை அண்ணே:

தங்கச்சி சொன்னது எல்லாம் சரி, வண்டி நிறுத்துவதைப் பற்றி நான் சொல்கிறேன். புஞ்சைக்குள் இறக்கும் முன்னால் நடந்து போய் வேலிக்கருவை முள்ளைப் பொறுக்குங்கள், இல்லாவிட்டால் டயர் போச்சு. ஸ்டெப்னி ட்ரெய்லருக்குத் தனியாக இருக்கிறதா என்று மச்சானிடம் கேளுங்கள், கார் டயர் சேராமல் போகலாம். சரளைச் செம்மண் என்றால் பயமில்லை. கண்மாய் உள்வாய்ப் பக்கம், அதாவது தண்ணீர் தேங்குகிற பக்கம், மேலே காய்ந்து வெடித்திருந்தாலும் அடியில் சேறு இருக்கும், அங்கே போகாதீர்கள்.

காரிலிருந்து கழற்றும் முன்னால் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். கழற்றிவிட்டு வைக்கிறேன் என்பவர்கள் வண்டியைத் துரத்திக்கொண்டு ஓடியதைப் பார்த்திருக்கிறேன். ரசமட்டம் வைத்து இரண்டு பக்கமும் சமம் பாருங்கள், பலகை வைத்து ஏற்றலாம். மூலை ஜாக்கி ஆடாமல் பிடிக்கத்தான், அதில் வண்டியைத் தூக்காதீர்கள். தொட்டி நிரப்பினால் 90 கிலோ கூடுகிறது. சாமான் எல்லாம் பின்னால் ஏறினால் ரோட்டில் வால் ஆடும், கனத்தை அச்சுக்கு மேலேயும் கொஞ்சம் முன்னாலேயும் வையுங்கள்.

கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் படியும். வண்டியின் அடியில் காற்று போக ஓட்டை விட்டிருப்பார்கள், பூச்சி வருகிறது என்று யாரும் துணி வைத்து அடைக்கக் கூடாது. ராத்திரி சிலிண்டர் வாயிலேயே மூடிவிடுங்கள்.

பேட்டரி மாற்ற யோசித்தால் லித்தியம் பாஸ்பேட் போடுங்கள், முக்கால்வாசிக்கு மேல் இறக்கலாம், எடையும் பாதிக்குக் குறைவு. ஆனால் சோலார் மின்சாரத்தைப் பேட்டரிக்கு அளந்து விடுகிற சார்ஜ் கண்ட்ரோலரும் அதற்குத் தகுந்ததாக இருக்க வேண்டும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து வந்த சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்கிற ஊர், பேட்டரி பற்றி விசாரிக்க ஆளா கிடைக்காது.

காரைக்குடி வாசி:

ரொம்ப நன்றி. ஏசி ஆசையை விட்டாயிற்று. கேன் நாலு சொல்லிவிட்டேன். டாய்லெட் பதிலைப் படித்துக் காட்டினேன், "பெட்டியை யார் தூக்குறது?" என்று அடுத்த கேள்வி வந்திருக்கிறது. அது நான்தான் போலிருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி, வண்டிப் படி உயரமாக இருக்கிறது என்கிறார் மச்சான். மேல் கட்டிலும் ஏற முடியாது.

முந்திரித்தோப்பு:

மேல் கட்டில் பிள்ளைகளுக்கு. அம்மாவுக்குச் சாப்பாட்டு மேசை இறங்கிப் படுக்கையாகிற இடம், அதுதான் அகலம், டாய்லெட்டுக்கும் இரண்டு எட்டு. படிக்குக் கீழே ஆடாத மணை ஒன்று போடுங்கள், வீட்டில் கட்டாயம் இருக்கும். கதவோரம் பிடித்து ஏற ஒரு கைப்பிடி வேண்டும். இல்லையென்றால் மச்சானிடம் இப்போதே சொல்லி அடிக்கச் சொல்லுங்கள், கோவையில் பத்து நிமிஷ வேலை. ராத்திரி அந்தப் படி மேல் ஒரு சின்ன எல்இடி எரியட்டும், இரண்டு மூன்று வாட்தான், பேட்டரிக்கு ஒன்றும் ஆகாது.