மறு: ‘ஸ்டடி பார்ட்னர்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். நாம் மொழிபெயர்க்கும் மறதிநோய் ஆய்வுக் கையேட்டிலும் படிவத்திலும் வருகிற ‘ஸ்டடி பார்ட்னர்’ என்ற சொல்லுக்கு வந்த பரிந்துரைகளைப் பற்றி எழுதுகிறேன்.

> ‘ஆய்வுத் துணைவர்’ என்றே வைத்துவிடலாமே. எளிமையாக இருக்கிறது, எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும் என்பதுதான் என் கவலை. படிவத்தில் ‘துணைவர்’ என்று பார்த்ததும் யாராக இருந்தாலும் கணவன் அல்லது மனைவி பெயரைத்தான் எழுதுவார்கள். மறதிநோய் ஆய்வில் ‘ஸ்டடி பார்ட்னர்’ செய்கிற வேலைக்கும் கல்யாணத்துக்கும் சம்பந்தமே இல்லை. பங்கேற்பாளரோடு அடிக்கடி பழகுகிற ஒருவர் வேண்டும், அவ்வளவுதான். போன வாரம் நடந்தது அவருக்கு நினைவிருக்கிறதா, பணங்காசைத் தானே பார்த்துக்கொள்கிறாரா, பழகிய தெருவில் வழி தவறுகிறாரா, ஆசையாகச் செய்துவந்த வேலைகளை விட்டுவிட்டாரா என்றெல்லாம் இவரிடம் தனியாகக் கேட்பார்கள். மறதி வந்தவருக்குத் தன் மறதியே தெரியாமல் போகலாம் என்பதால் இந்த ஏற்பாடு. அல்சைமர் மருந்துச் சோதனைகள் பலவற்றில் இப்படி ஒருவரைக் காட்டாவிட்டால் சேரவே முடியாது.

நாம் மொழிபெயர்க்கும் கையேடு வயதான தன்பாலீர்ப்பு ஆண்களுக்கானது என்பதை மறந்துவிட வேண்டாம். அமெரிக்காவில் 1984இல் பால்டிமோர், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ், பிட்ஸ்பர்க் நகரங்களை மையமாக வைத்து ‘மேக்ஸ்’ என்ற எய்ட்ஸ் ஆய்வு தொடங்கியது. தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு ஆண்கள் ஏறத்தாழ 5,000 பேர் முதல் சுற்றிலேயே சேர்ந்தார்கள். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு அரசு அனுமதி கிடைத்ததே 1985இல்தான். தனக்குத் தொற்று இருக்கிறதா என்று தெரியாது, இருந்தால் மருந்தும் கிடையாது, விஷயம் வெளியே கசிந்தால் வேலை போகலாம். அப்படியும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து ரத்தம் கொடுத்தார்கள், அந்தரங்கக் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னார்கள். ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவை வைத்தே நோய் எவ்வளவு வேகமாக முற்றும் என்று கணிக்கலாம் என 1996இல் காட்டியது அவர்கள் கொடுத்த ரத்தம்தான். ஆய்வு என்றால் ஒதுங்குகிறவர்கள் என்று இவர்களை யாரும் சொல்ல முடியாது.

அந்தத் தலைமுறைக்கு இப்போது எழுபது வயதை ஒட்டியும் தாண்டியும் ஆகிறது. மறதிநோய் ஆய்வுக்கு வந்தால் படிவத்தில் ‘ஸ்டடி பார்ட்னர்’ பெயர் கேட்கும் இந்த ஒற்றைக் கட்டத்தில் சிக்கிக்கொள்கிறார்கள். அமெரிக்கா முழுவதும் அவர்களுக்குத் திருமண உரிமை வந்தது 2015இல்தான். பிள்ளை குட்டி இல்லாதவர்கள் அதிகம். பெற்ற வீடு கைவிட்டவர்களும் உண்டு. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நண்பர்களை வரிசையாக அடக்கம் செய்தவர்கள் இவர்கள். மிஞ்சிய வட்டத்தில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்: முன்னாள் காதலர், மாடி வீட்டுக்காரர், இறந்துபோன இணையரின் தோழர். காய்ச்சல் வந்தால் கஞ்சி கொடுப்பதும் மருத்துவமனைக்குக் கூட்டிப் போவதும் இவர்கள்தான். சான் ஃபிரான்சிஸ்கோ பொது மருத்துவமனை 1983இல் திறந்த 5பி எய்ட்ஸ் வார்டில், தன் குடும்பம் யார் என்று சொல்லும் உரிமையை நோயாளியிடமே விட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றமும் 2025 மே மாதம் ஒரு பெண்ணிணை வழக்கில், குடும்பம் அமையத் திருமணம் மட்டுமே வழி அல்ல என்று சொல்லியிருக்கிறது. நம் படிவம் அதற்கும் பின்னால் நிற்கக் கூடாது.

சரி, மற்ற பரிந்துரைகளுக்கு வருகிறேன். ‘ஆய்வுக் கூட்டாளி’ என்றால் கூட ஆராய்ச்சி செய்கிறவர் என்று ஆகிவிடும். ‘உடனிருப்பவர்’ என்பதை ஒரே வீட்டில் இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்வார்கள். தனியாக வாழ்கிறவர் அதோடு படிவத்தை மூடிவிடுவார். ‘பராமரிப்பாளர்’ சுத்தமாகப் பொருந்தாது, ஏனென்றால் நல்ல நினைவாற்றலோடு இருப்பவர்களையும் ஆய்வில் சேர்க்கிறார்கள்.

நான் முன்வைக்கும் சொல் உற்றவர். ‘உற்ற நண்பன்’ என்கிறோம், ‘உற்றார் உறவினர்’ என்றும் சொல்கிறோம். நட்புக்கும் சொந்தத்துக்கும் ஒருசேர இடம் தருகிற சொல் இது.

> இலக்கிய வாடை அடிக்கிறதே?

அப்படித் தோன்றவில்லை அம்மா. ‘உற்றார்’ கல்யாணப் பத்திரிகையில் வருகிற சொல்தான். ‘ஆய்வு’ என்பதை மட்டும் முன்னால் ஒட்ட வேண்டாம். ‘ஆய்வுற்றவர்’ என்று புணர்ந்து ஆய்வுக்கு உள்ளானவர் என்ற பொருள் வந்துவிடும். ‘பங்கேற்பாளரின் உற்றவர்’ என்று எழுதலாம். விளக்கம் இப்படி இருக்கலாம்:

“உற்றவர்: உங்களோடு நெருங்கிப் பழகி, உங்கள் அன்றாட நிலையைப் பற்றிச் சொல்லக்கூடிய ஒருவர். நண்பர், அண்டை வீட்டார், இணையர், முன்னாள் இணையர், உறவினர் என யாராகவும் இருக்கலாம்.”

நண்பரை முதலில் வைத்தது வேண்டுமென்றுதான்.

அப்புறம், இந்த நண்பர் வட்டம் முழுவதும் ஒரே வயதுக்காரர்கள். ஆய்வு பல வருடம் ஓடும்போது பங்கேற்பாளருக்கு முன்பே அவருடைய உற்றவர் படுத்துவிடலாம், அப்போது இன்னொருவர் வர வேண்டும். அதற்கும் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. ‘மாற்று உற்றவர்’ என்று தயங்காமல் எழுதலாம். ‘மாற்றுத் துணைவர்’ என்று எழுத யாருக்குக் கை வரும்?

அன்புடன்.