மறு: ஹைப்பர்இன்டென்சிட்டி – மிகைச்செறிவா, மிகையொளிர்வா?

நண்பர்களே,

மூளையின் எம்.ஆர்.ஐ. படத்தில் வெள்ளையாகத் தெரியும் திட்டுகளைக் குறிக்கும் 'ஒயிட் மேட்டர் ஹைப்பர்இன்டென்சிட்டி' என்ற சொல்லுக்குத் தமிழாக்கமாக நம் குழுவில் ஐயா முன்வைத்த 'வெண்பொருள் மிகைச்செறிவு' எனக்கு ஒப்பவில்லை. வெண்பொருள் (மூளையில் நரம்பிழைகள் ஓடும் பகுதி) சரி, ஏற்கெனவே புழங்கும் சொல். சிக்கல் செறிவில்தான். செறிவு என்றதும் அங்கே ஏதோ அடர்ந்து கிடப்பதாகத் தோன்றும். உண்மையில் நரம்பிழைகளைப் போர்த்திய மயலின் உறை சிதைந்து, திசு தளர்ந்து, நீர் கூடிய இடங்கள்தான் எம்.ஆர்.ஐ.யில் ஃபிளேர் என்ற வகைப் படத்தில் வெள்ளைத் திட்டுகளாகத் தெரிகின்றன. அதே இடம் சி.டி. ஸ்கேனில் கறுத்திருக்கும்! 1987இல் கனடா நரம்பியலாளர் ஹச்சின்ஸ்கியின் குழுவினர் இதற்கு 'லூக்கோஅராயோசிஸ்' என்று பெயரிட்டபோதும், 'அடர்த்தி குறைந்த' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லைத்தான் எடுத்தார்கள்.

ஆகவே படத்தில் தெரிவதற்கு 'வெண்பொருள் மிகையொளிர்வு', திசுவில் நேர்ந்ததற்கு 'வெண்பொருள் தளர்வு' என்று இரண்டாகப் பிரிக்கலாம். ஒளிர்வு என்றால் தானே ஒளிவிடுவதல்லவா என்று இயற்பியல்காரர்கள் சண்டைக்கு வரலாம். வரட்டும். ஸ்கேன் அறையில் "பிரைட்டா இருக்கு" என்றுதானே பேசிக்கொள்கிறார்கள்?

மறதிநோயான அல்சைமரின் பெயரை ஒட்டவைக்கும் 'அல்சைமர் வெண்திட்டு' என்ற இன்னொரு முன்மொழிவு வேண்டவே வேண்டாம். இந்தத் திட்டுகள் வயதான பலருக்கும் உண்டு. உயர் ரத்த அழுத்தத்தால் நுண்குழாய்கள் கெட்டாலும் வரும். அல்சைமர் உள்ளவர்களிடம் கூடுதலாக, குறிப்பாக மூளையின் பின்பகுதியில், காணப்படுகின்றன என்பது மெய்தான். ஆனால் அந்நோயின் அடையாளம் மூளையில் சேரும் அமிலாய்டு புரதப் படிவும் டௌ புரத முடிச்சும். ரிப்போர்ட்டில் இப்படியொரு பெயரைப் பார்த்தால் வீட்டார் என்ன ஆவார்கள்? திட்டுகளை 0 முதல் 3 வரை தரம்பிரிக்கும் ஃபாசெக்காஸ் அளவுகோல், அல்சைமர் நோயாளிகளையும் நலமான முதியவர்களையும் ஒப்பிட்ட ஆய்விலேயே பிறந்தது. அதுகூட நோய்ப்பெயரைச் சுமக்கவில்லை.

அப்புறம், நீர் பரவுவதை அளக்கும் எம்.ஆர்.ஐ.யில் வரும் 'அனைசோட்ரோபி' என்ற சொல். வெண்பொருளில் நீர் நரம்பிழை நெடுகிலும் எளிதாகப் பரவும், குறுக்கே தடைபடும். இதற்குத் 'திசைச்சார்பு' போதும். ஃபிராக்‌ஷனல் அனைசோட்ரோபி என்பது இந்தத் திசைச்சார்பு எவ்வளவு என்று காட்டும், 0 முதல் 1 வரையிலான ஓர் எண்; 'பின்னத் திசைச்சார்பு' என்பதைவிடத் 'திசைச்சார்புக் குறியெண்' நல்லது. "அல்சைமரில் ஃபோர்னிக்ஸின் (மூளையின் நரம்பிழைக் கற்றைகளில் ஒன்று) திசைச்சார்புக் குறியெண் குறைகிறது" என்று எழுதிப் பார்த்தேன், வாக்கியம் நிற்கிறது.

ஃபோர்னிக்ஸுக்கு லத்தீனில் வளைவு என்று பொருள். 'வளைகற்றை' எனலாமா?